நமத்துப்போன பொரி

டாக்டர் தேசிகனின் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். அவருடைய கட்டுரைகளைப் படித்தவர்கள் ஒரு வகை, படிக்காத முட்டாள்கள் மற்றொரு வகை. படித்தவர்களிலும் பாதிப் பேர் முட்டாள்கள்தான் என்பது அவர் கட்சி. பெங்களூருக்கு வெளியே சந்தாபுரா போகிற வழியில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இருந்த மூளை ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அவர் துறைத் தலைவர். அவருக்குக் கீழே வருஷக்கணக்காக உழைத்த ஸ்வர்ணா எந்த வகையில் சேர்த்தி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவரைப் பற்றி ஸ்வர்ணாவுக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அவளும் அதை வெளியே சொன்னதில்லை.

தொண்ணூற்றேழில் தேசிகனுக்கு ஒரு மருந்து கைக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

பக்கவாதம் வந்தால் மூளையில் ரத்தம் போகாத இடம் செத்துப்போகிறது. அதைச் சுற்றி வீக்கம் வருகிறது. அடிபட்ட விரல் சிவந்து வீங்குகிற மாதிரிதான், என்ன, இது மண்டைக்குள்ளே நடக்கிறது. செத்த இடத்தை யாராலும் எழுப்ப முடியாது. ஆனால் அந்த வீக்கம் மாசக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டே இருக்கிறது, அதனால்தான் பக்கத்தில் பிழைத்துக் கிடக்கும் பகுதியும் வேலை செய்யாமல் முடங்கிப்போகிறது, வீக்கத்தை அணைத்துவிட்டால் கையும் காலும் தானாக வந்துவிடும் என்பது தேசிகன் சித்தாந்தம். வீக்கம் என்பது உள்ளே குப்பை அள்ள வந்த கூட்டமும்தானே, அவர்களையும் சேர்த்து விரட்டினால் என்ன ஆகும் என்று ஸ்வர்ணா ஒருமுறை கேட்டாள். "நீ எண்ணிக்கையைப் பாரும்மா, தத்துவத்தை நான் பாத்துக்கறேன்" என்று பதில் வந்தது.

எண்ணிக்கைதான் அவள் வேலை. எலிகளுக்கு மூளையில் ஒரு ரத்தக்குழாயை அடைப்பார்கள். இடது முன்னங்கால் விழுந்துவிடும். பாதி எலிகளுக்கு மருந்து ஊசி, மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. பிறகு ஒவ்வொரு எலியும் விழுந்த காலை நீட்டித் தீனியை எடுக்கிறதா என்று ஸ்வர்ணா தனி அறையில் உட்கார்ந்து பார்த்து மார்க் போடுவாள். எந்த எலிக்கு எந்த ஊசி என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயும். இந்த விதியை அவள் விரதம் மாதிரிக் காத்தாள். கூண்டுகள் இருந்த கட்டடத்துக்குள் காலே வைக்க மாட்டாள். எலிகள் எண் எழுதிய டப்பாக்களில் அவள் அறைக்கு வரும், திரும்பிப் போகும். கடைசியில், எந்த எண்ணுக்கு எந்த ஊசி என்று எழுதி ஒட்டிவைத்த உறையைப் பிரித்துப் பார்த்தபோது, மருந்து போட்டுப் பிழைத்திருந்த எலிகள் அத்தனையும் மளமளவென்று தேறியிருந்தன. உப்புத் தண்ணீர் எலிகள் அப்படியே கிடந்தன. மருந்து எலிகளில் சில காய்ச்சல் கண்டு நெஞ்சு கட்டிச் செத்தும்போயின. அவற்றை அறுவைச் சிகிச்சையில் போனவை என்று தேசிகன் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார். ஸ்வர்ணாவுக்கு அது உறுத்தியது. ஆனால் மிஞ்சியவற்றுக்கு அவள் போட்ட மார்க்கில் அப்பழுக்கு இல்லை, அதனால் மருந்தை நம்பினாள்.

நம்ப வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இருந்தது. அந்த வருஷம் கோடையில் அவள் புருஷன் ப்ரஹ்லாத் மல்லேஸ்வரம் வீட்டில் ஷேவ் செய்துகொண்டிருந்தவன் பாதிக் கன்னத்தில் நுரையோடு சரிந்து விழுந்தான்.

ப்ரஹ்லாத் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் என்ஜினியர். ஆனால் ஊருக்குள் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவன் வாய்தான். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், ரசம் வருவதற்குள் சமையல்காரரிலிருந்து சம்பந்தி வரை ஒருவர் விடாமல் வாரிவிடுவான். அவனுடைய அக்கா ருக்கு கொலுவில் பாடினால், பொம்மைகள் எழுந்து போகாததற்குக் காரணம் அவற்றுக்குக் கால் களிமண் என்பதுதான் என்பான். சொந்தக்காரர்கள் அவனுக்குப் பயந்தார்கள். ஸ்வர்ணா அவனைக் கட்டிக்கொண்டதே அந்த வாய்க்காகத்தான். நாள் முழுக்கத் தேசிகனைச் சகித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவள் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் அவன் இரண்டே வார்த்தையில் சொல்லித் தீர்த்துவிடுவான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது வேறு யாரோ. வலது கை மடியில் செத்துக் கிடந்தது. பேச்சில் மிஞ்சியது மூன்று: "சரி", "போறும்", "ரொம்ப தாங்க்ஸ்." எதைக் கொடுத்தாலும் ரொம்ப தாங்க்ஸ். காப்பியில் சர்க்கரை போட மறந்தாலும் ரொம்ப தாங்க்ஸ். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு, போட்டோ ஸ்டூடியோவில் சிரிக்கச் சொன்னால் வருமே, அது.

வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் இது பரம திருப்தி. அவர்கள் கையில் ஆப்பிளோடு வந்து மனசில் பழைய கணக்கோடு உட்கார்ந்தார்கள்.

"எவ்ளோ சாதுவா ஆயிட்டான் பாரு. பகவான் ஒரு தட்டு தட்டிப் புத்தி குடுத்திருக்கான்" என்றாள் ருக்கு. அவள் பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். விதவை, பென்ஷன் வருகிறது, பொழுதும் இருக்கிறது. தினம் வந்து தம்பிக்கு விஷ்ணு சகஸ்ரநாமம் பாடிக் காட்டினாள். முடிந்ததும் தம்பி "ரொம்ப தாங்க்ஸ்" என்பான். ருக்குவுக்குக் கண் கலங்கும். ஸ்வர்ணாவுக்கு அந்த இடத்திலேயே யாரையாவது அறைய வேண்டும்போல இருக்கும். இந்தச் சாதுவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அவளுக்கு வேண்டியது அந்தக் கடுவன் பூனை.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து பெர்னதெத் என்ற ஃபிசியோதெரபிஸ்ட் கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரில் வந்து, வலது கையில் ரப்பர் பந்தை வைத்து அழுத்தச் சொல்லுவாள். ப்ரஹ்லாத் சிரிப்பான். பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போகும்.

"சார் சண்டையே போட மாட்டேங்குறாரு மேடம்" என்றாள் பெர்னதெத். "முடியாது போடீன்னு ஒரு தபா திட்டினா போதும், நான் சர்ச்சுல போயி மெழுகுவத்தி ஏத்துவேன். இப்டி எல்லாத்துக்கும் சிரிச்சிக்கினே இருந்தா கை எப்டி வரும்?"

தேசிகன் இதைக் கேட்டுச் சிரித்தார். "பிசையறதையும் உருவறதையும் வெச்சுண்டு மூளையைச் சரி பண்ணிடலாம்னா நாமெல்லாம் எதுக்கு இருக்கோம்? டில்லியிலேர்ந்து கமிட்டி வரது, மனுஷாளுக்குப் போட பெர்மிஷன் குடுத்துடுவா. உன் ஆத்துக்காரருக்கு அதுவரைக்கும் காத்திண்டிருக்க வேண்டாம். கமிட்டி போன மறுநாளே கூட்டிண்டு வா. நானே போடறேன். நம்ம மனுஷா ஆச்சே."

நம்ம மனுஷா என்ற சொல்லை அவர் வாயிலிருந்து ஸ்வர்ணா அதற்கு முன் கேட்டதில்லை. பேச்சுக்கு அவள் மயங்கவில்லை, மருந்துக்கு மயங்கினாள். வீட்டுக்கு வந்து ருக்குவிடமும் சொன்னாள். ருக்கு அன்றே மல்லேஸ்வரம் முழுக்கப் பரப்பிவிட்டு, டாக்சிக்கும் ஏற்பாடு செய்துவிட்டாள்.

கமிட்டி வந்தது தை மாசம். காலையிலிருந்தே நிலையத்தில் ஒரே அமர்க்களம். வராந்தாவில் ரங்கோலி, வாசலில் சாமந்தித் தோரணம், வந்தவர்களுக்குச் சந்தன மாலை. அறிவியலைப் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை அழைப்பில் மாட்டியவர்கள் மாதிரி நெளிந்தார்கள். தேசிகன் புது சூட்டில் இருந்தார். கணக்கு எதையாவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று ஸ்வர்ணாவையும் கூடவே வரச் சொன்னார். சோதனை முடிந்துவிட்டதால் அவளுக்கும் இனி விரதம் இல்லை. அப்படித்தான் அவள் முதல் தடவையாக எலிக் கூண்டுகள் இருந்த கட்டடத்துக்குள் போனாள்.

உள்ளே நுழைந்ததும் ஒரு கூடம். அங்கே டீ மேஜை, நாற்காலிகள், சுவரோரம் ஓர் அடுக்குக் கூண்டு. கூடத்தைத் தாண்டி உள்ளே இருட்டாக ஓர் அறை, அங்கேயும் ஓர் அடுக்கு. டீ மேஜைக்கு அடியில் ஒரு கோணிப்பை நின்றது. அதன் மேல் குங்குமக் கறை. ஸ்வர்ணா எட்டிப் பார்த்தாள். ஆயுத பூஜைப் பொரி.

பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் ஆபீசுக்கு ஆபீஸ் மூட்டையாகப் பொரி வரும், பொட்டுக்கடலை கலந்து. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்து, சென்ட்ரிஃப்யூஜுக்கு மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள். அப்படியும் மிஞ்சும். மிஞ்சியது இரண்டே நாளில் நமத்துப்போகும். மனிதர் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். ஆனால் பிரசாதம், குப்பையில் கொட்டக் கூடாது. நாலெழுத்து படித்த விஞ்ஞானிக்குக்கூட அதற்குத் தைரியம் கிடையாது. அதனால் மூட்டை அங்கேயே இருந்தது.

தேசிகன் குனிந்து ஒரு பிடி பொரி எடுத்தார். அவர் காலடிச் சத்தம் கேட்டதுமே முன் அடுக்கு எலிகள் எல்லாம் கம்பியண்டை வந்து நின்றுவிட்டன.

"இவன் இடது கை செத்துப்போனவன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். பொரியை எலியின் இடது பக்கமாக, கூண்டின் மூலையில், அந்தக் காலால் மட்டுமே எட்டுகிற மாதிரிப் பிடித்தார். எலி விழுந்த காலைக் கம்பிக்கு வெளியே நீட்டித் துழாவி, பொரியைப் பற்றி இழுத்துக்கொண்டது. வந்தவர்கள் கை தட்டினார்கள். "நீங்களும் கொடுத்துப் பாருங்கள். வருகிறவர்கள் எல்லோரும் கொடுப்பார்கள். அமைச்சர்கூடக் கொடுத்திருக்கிறார்."

ஸ்வர்ணா கூண்டண்டை போனாள்.

"முன் அடுக்கு முழுக்க மருந்து எலியா, சார்?"

"பின்னே? வரவாளுக்கு நொண்டி எலியையா காட்டுவா?"

சுவரோரம் நின்ற, கூண்டு கழுவுகிற கோவிந்தப்பாவிடம், உள்ளே உப்புத் தண்ணீர் எலிகள் இருக்கும் பின் அடுக்குக்கும் பொரி உண்டா என்று கன்னடத்தில் கேட்டாள். "ஹிந்தே யாரு ஹோக்தாரே மேடம்?" என்றார் அவர். பின்னால் யார் போகிறார்கள்? நியாயம்தான். நாற்றமடிக்கிற இருட்டறைக்குள் போய், தேறாத எலியை யார் கொஞ்சப் போகிறார்கள்?

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆயுத பூஜையிலிருந்து தினம் காலையில், டீ வேளையில், யார் வந்தாலும் போனாலும், முன் அடுக்கு எலிகள் ஒரு வாய் பொரிக்காகச் செத்த காலை நீட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. பின் அடுக்கு எலிகளை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. தன் சாமர்த்தியத்தைக் காட்டுகிற ஆசையில், தேசிகன் பெர்னதெத்தின் வேலையைத் தானே மாசக்கணக்கில் செய்திருக்கிறார். செய்துவிட்டு அந்தப் பேரை மருந்துக்குக் கொடுத்திருக்கிறார். அவளோ பார்க்கக் கூடாது பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு, அப்பழுக்கில்லாமல் மார்க் போட்டிருக்கிறாள்.

சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பேசாமல் இருந்திருப்பாள். ஒரு பிடி பொரியை அள்ளிக்கொண்டு இருட்டறைக்குள் போய், விளக்கைப் போட்டு, பின் அடுக்குக் கூண்டு ஒன்றின் இடது மூலையில் நீட்டினாள். எலி எதிர் மூலையில் சுருண்டபடி அவளைப் பார்த்தது. எழுந்திருக்கக்கூட இல்லை.

"இதுக்கும் தினம் குடுத்திருந்தா இதுவும் கையை நீட்டியிருக்கும், சார்" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "மருந்து என்ன பண்ணித்துன்னு நமக்குத் தெரியாது. பொரி என்ன பண்ணித்துங்கறதுதான் தெரியறது."

டில்லிக்காரர்களுக்குத் தமிழ் புரியவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த டாக்டர் வனஜாவுக்குப் புரிந்தது. அந்த அம்மாள் ஸ்வர்ணாவின் கையிலிருந்த பொரியைப் பார்த்தாள், முன் அடுக்கைப் பார்த்தாள்.

தேசிகன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவர் இந்த மாதிரி எத்தனையோ கமிட்டி பார்த்தவர். ஒரு நொடியில் முகத்தில் கருணையை வரவழைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "மன்னியுங்கள். இவள் கணவருக்குப் பக்கவாதம். பாவம், ரொம்ப மன உளைச்சலில் இருக்கிறாள்."

எல்லோரும் 'அடடா' என்றார்கள். ஒருவர் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அவள் சொன்னதைக் கேட்க ஆளில்லை, அவள் மேல் பரிதாபப்பட அத்தனை பேர் இருந்தார்கள். வாழ்நாளில் அவளை யாரும் அப்படி அவமானப்படுத்தியதில்லை.

"அது இருக்கட்டும்" என்றாள் டாக்டர் வனஜா. "பின் ரேக்குக்குப் பொரி போட்டீங்களா, இல்லையா?"

தேசிகன் வெளிநாட்டுக் கட்டுரைகளைப் பற்றிப் பேசினார். அந்த அம்மாள் அதே கேள்வியை மறுபடி கேட்டாள். அவர் வீக்கத்தின் ரசாயனத்தைப் பற்றிப் பேசினார். மூன்றாம் தடவை கேட்டபோது வடை வந்துவிட்டது. கமிட்டி வடையைத் தின்று, காப்பி குடித்து, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு அடுக்கையும் ஒரே மாதிரி நடத்தி மறுபடி செய்து காட்டுங்கள், அதற்கப்புறம் மனிதர்களைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டுக் கார் ஏறியது.

வராந்தாவில் தேசிகன் அவளை நிறுத்தினார்.

"பொரியாம் பொரி! இத்தனை வருஷம் ஒன்னை இங்கே வெச்சுண்டு சோறு போட்டேனே, என்னைச் சொல்லணும். நாளைலேர்ந்து நீ லைப்ரரில போய் உக்காரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மருந்து என் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. உன் ஆத்துக்காரர் கை வராது. அப்போ நீயே வந்து கெஞ்சுவே. அன்னிக்கும் போடுவேன், ஏன்னா நான் உன்னை மாதிரி இல்லே."

வழி முழுக்க நிலையத்துப் பஸ்ஸில் அந்த வார்த்தை அவளைத் தின்றது. தேசிகன் அற்பன், அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அற்பன் கையிலும் நல்ல மருந்து இருக்கலாமே? போட்டுத்தான் பார்த்தால் என்ன? நெஞ்சு கட்டிச் செத்த எலிகளின் நினைவு வந்தது. ஆஸ்பத்திரியில் ப்ரஹ்லாதுக்கும் ஒரு தடவை நெஞ்சில் சளி கட்டி, பிழைத்தது தம்பிரான் புண்ணியம் என்றாகிவிட்டது. உடம்பில் எதிர்த்து நிற்கிறதையெல்லாம் தூங்கப் பண்ணுகிற மருந்து அது. அந்த மனுஷனிடம் ஏற்கெனவே எல்லாம் தூங்கித்தான் கிடக்கிறது. பஸ் மல்லேஸ்வரத்துக்குள் திரும்பும்போது அவள் தீர்மானித்துவிட்டாள்.

மறுநாள் காலை வாசலில் டாக்சி நின்றது. ருக்கு பட்டுப்புடவையில் வந்திருந்தாள். தம்பிக்கு நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டு, புதுச் சட்டை போட்டுத் தயார் செய்துவைத்திருந்தாள்.

"ஊசி கிடையாதுக்கா. டாக்சியை அனுப்பிடுங்கோ" என்றாள் ஸ்வர்ணா.

ருக்கு முதலில் நம்பவில்லை. நம்பியதும் தெருவுக்கே கேட்டது. "பெரிய டாக்டர் தானா முன்வந்து போடறேங்கறார், எலிக்கு மார்க் போடறவ நீ வேண்டாங்கறியா? என் தம்பி இப்படியே கிடக்கணும்னு ஒனக்கு ஆசையா? அவன்கிட்டயே கேளு. ஏன்டா ப்ரஹ்லாத், ஊசி போட்டுக்கறியோன்னோ?"

"சரி" என்றான் ப்ரஹ்லாத்.

"ஏன்னா, ஊசி வேண்டாமே?" என்றாள் ஸ்வர்ணா.

"சரி" என்றான் அதற்கும். அதே சிரிப்பு.

டாக்சி போனது. ஸ்வர்ணா நிலையத்திலிருந்து ஒரு பையில் கட்டி எடுத்துவந்திருந்த பொரியை ஒரு கிண்ணத்தில் கொட்டி, அவனுடைய வலது பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு பிடியை அவன் வலது கைக்கு முன்னால் நீட்டினாள். அவன் இடது கை குறுக்கே வந்தது. அவள் பொரியை நகர்த்தினாள்.

"அந்தக் கை இல்லை. இந்தக் கை."

"ரொம்ப தாங்க்ஸ்" என்றான் ப்ரஹ்லாத்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் நடக்கவில்லை. லைப்ரரியில் அவளுக்கு வேலை என்று எதுவும் கிடையாது, அதனால் சீக்கிரமே வீட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். காலையில் பொரி, காப்பிக்கு முன் பொரி, சாயங்காலம் பொரி. இடது கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டிப்போட்டாள். பெர்னதெத் வருகிற நாளில் அவளும் கூட உட்கார்ந்து தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் எரிச்சலும் ஸ்வர்ணாவுக்குத்தான் வந்தன. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். பல தடவை கிண்ணத்தைத் தூக்கி எறியலாம் என்று தோன்றியது. தேசிகனின் ஃப்ரிட்ஜ் கனவில்கூட வந்தது.

ருக்கு வாசற்படியில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்: "எலிக்குப் போடறாப்லே போடறா பாருங்கோ. கட்டிப்போட்டு வேற வெச்சிருக்கா. கேக்க நாதியில்லை."

பங்குனியில் ஒரு சாயங்காலம் ருக்கு வழக்கம்போல சகஸ்ரநாமம் பாடிக்கொண்டிருந்தாள். ஸ்வர்ணா வழக்கம்போலப் பொரியை நீட்டிக்கொண்டிருந்தாள். மழைக்காலம்கூட இல்லை, ஆனாலும் அந்தப் பொரி தலையணையில் அடைத்த பஞ்சு மாதிரி ஆகிவிட்டிருந்தது. ப்ரஹ்லாதின் தோள் அசைந்தது. முழங்கை மடியைவிட்டு எழும்பியது. விரல்கள் ஸ்டூலின் விளிம்பில் தடுமாறி ஏறி, கிண்ணத்துக்குள் விழுந்து, ஒரே ஒரு பொரியைப் பற்றின. அதை வாய்க்குக் கொண்டுபோக ஒரு யுகம் ஆயிற்று. ருக்கு பாட்டை நிறுத்திவிட்டாள்.

அவன் மென்றான். மெல்ல மெல்ல, முகத்திலிருந்த அந்த ஸ்டூடியோச் சிரிப்பு கழன்று விழுந்தது. புருவம் ஏறியது. வாயின் ஓர் ஓரம் கீழே கோணியது. கல்யாணப் பந்தியில் சமையல்காரர்கள் கண்டு நடுங்கிய அதே கோணல். கிண்ணத்தைப் பார்த்தான், ஸ்வர்ணாவைப் பார்த்தான்.

"இதை... மனுஷா... திம்பாளா?"

ப்ரஹ்லாத் தலையை மெதுவாக ருக்குவின் பக்கம் திருப்பினான். அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பாட்டு... வேற."

"ஐயோ, பழைய வாய் திரும்பி வந்துடுத்தே!" என்று ருக்கு தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம், தன்னை அறியாமல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்வர்ணாவுக்குக் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை, கையில் பொரி இருந்தது. அதை அவன் வலது கைக்கு முன்னால், முன்னைவிட ஒரு சாண் தள்ளி நீட்டினாள்.

"திம்பா" என்றாள். "கையை நீட்டுங்கோ."